தேயிலை ருசித்த நாக்கும் சிவப்பு வைனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடங்கள் வேலை பார்த்தேன். அதில் பிற்பாதி முழுக்க டீமேக்கர், அதாவது தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவர். இப்போது ஹட்டனில் இருக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் காசு சேர்த்து இரண்டு போத்தல் சிவப்பு வைன் வாங்குகிறோம். ருசித்து, புள்ளி போட்டு, ஆளுக்கொரு கொப்பியில் எழுதிவைக்கிறோம். இப்போது நடப்பது நான்காவது கொப்பி. விஷயம் ஊரில் பரவிய பிறகு கலியாண வீட்டிலும் பஸ்ஸிலும் எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால் எழுதிவிட்டேன்.

தேயிலைக்காரருக்கு வைனில் என்ன வேலை?

தங்கை மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு போத்தல் கொண்டுவந்தான். நான் பழக்கதோஷத்தில், தேயிலையை ருசிபார்ப்பது போலவே, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வாய்க்குள் நடந்தது எனக்குப் புதிதாக இல்லை. கன்னத்தின் உட்புறம் இறுகியது. நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு ஓடியது. விழுங்கிய பிறகும் ஏதோ ஒன்று போகாமல் நின்றது. ஒவ்வொரு காலையும் வரிசையாக வைத்த கோப்பைகளில் நான் தேடிய அதே விஷயங்கள்தான். பிறகுதான் தெரிந்தது, வைன் ருசிப்பவர்களும் அப்படித்தான் சத்தமாக உறிஞ்சுவார்களாம். சிரித்தவர்களிடம் இதைச் சொல்லத் தவறவில்லை.

இதற்கென்று படித்தீர்களா? சான்றிதழ் இருக்கிறதா?

இல்லை.

எப்படி ருசிக்கிறீர்கள்?

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றுவதில்லை. வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்துப் பிடித்து நிறம் பார்ப்பேன். இளம் வைனின் ஓரம் ஊதாவாக இருக்கும். வயது ஏற ஏற ஓரம் செங்கல் நிறத்துக்குப் போகும். பிறகு கிளாஸைச் சுற்றாமல் ஒரு தடவை முகர்வேன், சுற்றிவிட்டு இன்னொரு தடவை முகர்வேன். இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்பதை உடனே எழுதிவிட வேண்டும். வாயில் வைத்த பிறகு எழுதினால் மூக்கு சொன்னதை நாக்கு திருத்திவிடும்.

பிறகு ஒரு வாய். உறிஞ்சி, கன்னங்கள் இரண்டிலும் படும்படி உருட்டி, துப்பிவிட்டு, சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணுவேன். ஐந்து எண்ணுவதற்குள் போய்விட்டால் சாதாரணம். பதினைந்தைத் தாண்டினால் நிமிர்ந்து உட்காருவேன்.

கிளாஸைப் பற்றியும் கேட்கிறார்கள். வாய் குறுகிய, அடி அகன்ற எந்தக் கிளாஸும் போதும். தேயிலை ருசிக்கு 1980இல் உலகத் தர நிர்ணய அமைப்பு ஒரு முறை வகுத்தது: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். வைனுக்கு அதற்கு முன்பே, 1977இல், கிளாஸுக்கு ஓர் அளவு வகுத்துவிட்டார்கள். இரண்டிலும் நோக்கம் ஒன்றுதான்: பாத்திரம் மாறாதிருந்தால்தான் உள்ளே இருப்பது மாறியதைக் கண்டுபிடிக்கலாம். ஆகவே எந்தக் கிளாஸை எடுத்தாலும் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ்.

துப்புவது வீண்தானே? காசு கொடுத்து வாங்கியதை ஏன் துப்ப வேண்டும்?

தேயிலை ஏலத்துக்கு முன்னர் கொழும்பில் ருசிபார்ப்பவர்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளை ருசிக்கிறார்கள். அத்தனையையும் விழுங்கினால் மத்தியானத்துக்கு முன்னர் வேறு வேலைக்கு ஓட வேண்டியிருக்கும். வைனில் இதைவிடச் சங்கடம் உண்டு: மூன்றாவது கிளாஸுக்கு மேல் எல்லா வைனும் அருமையாகத் தோன்றும். எங்கள் முதல் கொப்பியில் கடைசியாக ருசித்தவற்றுக்கெல்லாம் அதிகப் புள்ளி இருக்கிறது. காரணம் புரிய மூன்று மாதம் எடுத்தது.

துவர்ப்பும் கைப்பும் ஒன்றுதானே?

இதற்காகத்தான் தமிழில் குறிப்பு எழுதத் தொடங்கினேன். வைனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டப் பக்கம் பக்கமாகப் பாடுபடுகிறார்கள். நமக்கு அது அறுசுவையிலேயே பிரிந்து கிடக்கிறது. பாகற்காய் கைக்கும். பாக்கும் கொய்யாப் பிஞ்சும் வாழைப்பூவும் துவர்க்கும். சிறுபிள்ளைக்குக்கூட இது தெரியும்.

கைப்பு நாக்கு அறியும் சுவை. துவர்ப்போ உண்மையில் தொடுகை. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கும் தனின் என்ற பொருள் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. எச்சிலின் வழுவழுப்புப் போனதும் வாய் உலர்ந்து இறுகுகிறது. சாயம் கடுத்த தேத்தண்ணீர் வாயைப் பிடிப்பதும் இப்படித்தான். பால் விட்டதும் அது ஏன் சாதுவாகிறது? பாலில் உள்ள புரதம் முந்திக்கொண்டு தனினைப் பிடித்துவிடுகிறது. நம் எச்சில் தப்பிக்கொள்கிறது. சிவப்பு வைனோடு சீஸ் வைப்பதன் பின்னாலும் இதற்குப் பங்கு உண்டு. நான் கொத்மலை சீஸ் வாங்குவேன். பாரிஸிலிருந்து வர வேண்டியதில்லை.

துவர்ப்பிலும் தரம் உண்டு. இரண்டு இலையும் மொட்டுமாகப் பறித்த கொழுந்தின் துவர்ப்பு, வாயைப் பிடித்துச் சட்டென்று விட்டுவிடும். ருசியறையில் அதை 'பிரிஸ்க்' என்போம். முற்றல் இலையும் காம்பும் கலந்தால் சொரசொரவென்று வாயிலேயே கிடக்கும். வைனிலும் அப்படித்தான். விதை பழுக்காத திராட்சையின் துவர்ப்பு பச்சைப் பாக்கு. நன்றாகப் பழுத்ததன் துவர்ப்பு வெல்வெட்டுத் துணியை எதிர்த்திசையில் தடவுவது போல. என் கொப்பியில் துவர்ப்புக்கு மட்டும் ஏழு சொற்கள் இருக்கின்றன: பாக்கு, நெல்லி, வாழைப்பூ, நாவல், கொய்யாப் பிஞ்சு, மாதுளைத் தோல், பழைய சாயம்.

போத்தலில் 'பிளாக்கரண்ட்' என்று போட்டிருக்கிறது. நீங்கள் 'நாவற்பழம்' என்று எழுதுகிறீர்களே?

நான் பிளாக்கரண்ட் பழத்தைக் கண்ணால் கண்டதில்லை. காணாத பழத்தின் பெயரை எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்து வாசிக்கும்போது என்ன நினைவு வரும்? நாவற்பழம் என்று எழுதினால் நாக்கு ஊதாவான பள்ளிக்கூட நாட்கள் வரை திரும்பி வரும்.

1984இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியர் வைன் மணங்களை ஒரு சக்கரமாக வரைந்தார். நல்ல வேலை. ஆனால் அந்தச் சக்கரம் அவருடைய சமையலறையிலிருந்து சுழல்கிறது. நம் சமையலறைக்கும் மலைக்கும் வேறொன்று வேண்டும். அதற்குப் பொருளும் தாராளமாக இருக்கிறது, பல இடங்களில் இரசாயனமும் நம் பக்கம் நிற்கிறது. ஷிராஸ் வைனில் வரும் மிளகு மணம் வெறும் உவமை இல்லை. ரொட்டன்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் ஷிராஸிலும் இருக்கிறது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதை 2008இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவே தெரியாதாம். எங்கள் ஐவரில் அது யார் என்பதில் சண்டை தீரவில்லை.

ஓக் மரப் பீப்பாயில் வைத்த வைனில் கராம்பு வாசம் வந்தால் அது யூஜினோல். கராம்பில் இருப்பதும் அதுவே. அமெரிக்க ஓக்கில் வைத்ததில் தேங்காய் வாசம் வரும். ஐயத்துக்கு இடமில்லாத தேங்காய், சொதிக்குத் துருவியது போல. அவுஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் தோப்புக்குப் பக்கத்தில் விளைந்த திராட்சையில் அந்த எண்ணெய் படிந்து வைன் வரை வந்துவிடுகிறது. முதன்முதல் அப்படி ஒரு போத்தலைத் திறந்தபோது எனக்குத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு இறக்கும் லொறிதான் வந்து நின்றது. அதையே எழுதினேன். நண்பர் ஒருவர் 'இது ருசிக்குறிப்பா, வேலைப் பதிவேடா' என்றார்.

முதலில் எந்த வகையை வாங்குவது?

ஒரு வகையை மட்டும் வாங்காதீர்கள். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டை வாங்குங்கள். பீனோ நுவார் ஒன்று, கபர்நே சோவிஞ்ஞோன் ஒன்று. முதலாவது வெளிறிய நிறம், மெல்லிய துவர்ப்பு. மற்றது கறுத்து, வாயைப் பிடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அரை மணி நேரத்தில் பாதிப் பாடம் முடிந்தது. இந்தக் கபர்நே சோவிஞ்ஞோன், கபர்நே பிராங்க் என்ற கறுப்புத் திராட்சைக்கும் சோவிஞ்ஞோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த பிள்ளை. பெயரிலேயே பெற்றோர் இருவரும் இருந்தும் மரபணுச் சோதனை வந்த பிறகே, 1990களில், அது உறுதியானது.

அடுத்து சிலியின் கார்மனேர். பல காலம் சிலிக்காரர்கள் அதை மெர்லோ என்று நினைத்தே வளர்த்தார்கள். 1994இல் ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் தோட்டத்தில் நின்று இலையையும் கொடியையும் பார்த்து இது வேறு என்றார். பச்சை மிளகாய் வாசம் இலேசாக வரும். நம் வீடுகளில் இதை ருசித்தவர்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

புள்ளி எப்படிப் போடுகிறீர்கள்? நூறுக்கா?

இருபதுக்கு. தோற்றத்துக்கு 2, மணத்துக்கு 6, வாயில் சமநிலைக்கு 8, பின்சுவைக்கு 4. டேவிஸ் பல்கலைக்கழகத்தினரும் இருபதுக்குத்தான் போட்டார்கள். பிரிவுகள் என் சௌகரியத்துக்கு. நூற்றுக்குப் போடும் பழக்கத்தைப் பரப்பியவர் அமெரிக்க விமர்சகர் ரொபர்ட் பார்க்கர், 1970களின் இறுதியில். அவருடைய அளவு 50இல் தொடங்குகிறது. பரீட்சை மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்ததற்கே 50 கொடுக்கும் வாத்தியாரை நான் எப்படி நம்புவது?

எங்கள் விதிகள் கொஞ்சம்தான். போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றிவிட வேண்டும். புள்ளி எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, பெருமூச்சு விடுவதும் கூடாது. விலையைப் பிறகுதான் சொல்ல வேண்டும். அதற்குத் தனிப் பத்தி. மறுநாள் மீதியை ருசித்து இரண்டாவது புள்ளியும் போட வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் அப்படியே விட்டுவிட வேண்டும். சராசரி எடுப்பது பொய்.

அந்தப் புள்ளியை நம்பலாமா?

என் புள்ளியையா? ஒரு சனிக்கிழமை நண்பர் ஒருவர் ஒரே வைனை இரண்டு போத்தல்களில் ஊற்றிச் சுற்றி வைத்துவிட்டார். நான் ஒன்றுக்கு 13 போட்டேன், 'துவர்ப்பு முரடு' என்று எழுதினேன். மற்றதுக்கு 16. 'பக்குவமானது, அவசரமில்லாதது' என்று வேறு எழுதியிருந்தேன். தாளைப் பிரித்தபோது அவர்கள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

ஆறுதலுக்கு வாசித்தேன். கலிபோர்னியாவில் ரொபர்ட் ஹொட்ஜ்சன் என்பவர் மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களுக்கு ஒரே போத்தல் வைனை மூன்று தடவை தெரியாமல் வைத்துப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார். பத்தில் ஒருவரளவில்தான் ஒரே மாதிரிப் புள்ளி போட்டிருந்தார்கள். அதற்கு முன்னர் 2001இல் பிரான்சின் வைன் ஊரான போர்தோவில் வெள்ளை வைனுக்கு மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்கு எழுதும் சொற்களையே எழுதினார்கள். கண் சொன்னதை மூக்கு ஒப்பித்திருக்கிறது.

ஆகவே எங்கள் கொப்பியில் இரண்டு புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. 12க்கும் 17க்கும் இடையில் உண்மை இருக்கிறது. 15க்கும் 16க்கும் இடையில் அன்றைய மத்தியானச் சாப்பாடு இருக்கிறது.

விலை கூடினால் தரமும் கூடுமா?

ஓரளவு வரை. இங்கே நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு வரியும் கப்பல் கூலியும் என்பதால் விளையும் நாட்டில் மலிவான வைன் இங்கே மலிவில்லை. 1976 மே 24 அன்று பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் மறைத்து ருசித்தபோது, போர்தோவின் பெரும்புள்ளிகளைத் தள்ளிவிட்டு கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் என்ற 1973 அறுவடைச் சிவப்பு வைன் முதலிடம் பிடித்தது. பத்திரிகைத் தாளின் சக்தி அது.

எந்த வெப்பநிலையில் குடிக்க வேண்டும்?

மலையகத்தில் பிறந்ததற்கு நன்றி சொல்லுங்கள். சிவப்பு வைனை 'அறை வெப்பநிலையில்' பரிமாறு என்பது பழைய ஐரோப்பியக் கல்வீடுகளின் அறை. 15 முதல் 18 பாகை. கொழும்பில் 30 பாகை அறையில் திறந்தால் மதுவின் எரிவுதான் முன்னால் வரும், குளிரூட்டியில் வைத்தே ஆக வேண்டும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே ஏறக்குறைய 16 பாகை. அலுமாரியிலிருந்து எடுத்து அப்படியே திறக்கலாம். ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் மட்டும் எச்சரிக்கை: குளிர்ந்த வைன் மணத்தை மூடிக்கொள்ளும், துவர்ப்பைக் கூட்டிக் காட்டும். கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே, பரணில் வைக்காதீர்கள். மத்தியானம் அங்கே அடுப்பு. கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்தால் போதும்.

நுவரெலியாவில் திராட்சை நட்டு நாமே வைன் செய்ய முடியாதா?

இதைக் கேட்காத ஆள் இல்லை. ஆர்ஜன்டீனாவின் மென்டோசாவில் 1000 மீற்றருக்கு மேலே, ஹட்டனின் உயரத்தில், மல்பெக் திராட்சை விளைகிறதே என்பார்கள். உயரம் சரி. மழையைப் பாருங்கள். மென்டோசாவில் வருடத்துக்கு 200 மில்லிமீற்றர் அளவில். வட்டவளையில் 5000ஐத் தாண்டும். அந்த ஈரத்தில் திராட்சையைப் பூஞ்சணம் தின்றுவிடும். அதோடு திராட்சைக் கொடிக்கு ஒரு குளிர்கால உறக்கம் வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகையில் இருக்கும் நம் மலைக்குக் குளிர் உண்டு, குளிர்காலம் இல்லை. யாழ்ப்பாணத்தின் வறண்ட மண்ணில் கொடியை வெட்டிவிட்டுக் காய்க்க வைக்கிறார்கள். தோலகட்டி ஆசிரமத்துக் கன்னியாஸ்திரிகள் நெல்லி ரசத்தோடு திராட்சை வைனும் செய்கிறார்கள். இனிப்பானது, எங்கள் அளவுகோலுக்குள் வராது, ஆனாலும் நத்தாருக்கு நான் விடுவதில்லை.

நமக்கு வாய்த்தது தேயிலை. வைன்காரர் 'இந்த வருடத்து அறுவடை' என்று பெருமைப்படுவது போல, நமக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை திம்புள்ளப் பக்கத்துக் காய்ந்த காற்று, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஊவாக் காற்று. அந்தக் காற்றில் வாடிய ஊவாத் தேயிலையில் வரும் வின்டர்கிரீன் தைல வாசத்தை எந்த வைனிலும் நான் இன்னும் காணவில்லை.

வைன் கெட்டுப்போயிருந்தால் எப்படித் தெரியும்?

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச் சாக்கு வாசம் வந்தால் தக்கையின் குற்றம். அது தக்கையில் உருவாகும் ஒரு பொருளால் வருவது. ஒரு லீற்றரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். திருகுமூடிப் போத்தலில் இந்தத் தொல்லை மிக அரிது. ஆகவே திருகுமூடியைக் கண்டு மட்டமாக நினைக்காதீர்கள். வினாகிரி வாசம், நகப்பூச்சு நீக்கி வாசம் என்றால் புளித்துவிட்டது. வேகவைத்த பழ ஜாம் போல இருந்தால் வெயில் பட்டது. ஒரு கடையில் கண்ணாடி அலுமாரியில் மாதக்கணக்காக வெயிலில் நின்ற போத்தலை, விலை குறைத்திருக்கிறார்கள் என்று வாங்கினேன். 6 புள்ளி. அதில் 2 நிறத்துக்கு.

எங்கே வாங்குகிறீர்கள்?

ஊருக்கு ஊர் 'வைன் ஸ்டோர்ஸ்' பலகை உண்டு. உள்ளே போய் வைன் கேட்டால் சாராயப் போத்தல்களுக்குப் பின்னாலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுப்பார்கள். நாங்கள் கண்டியிலோ கொழும்பிலோ பெரிய கடைகளில் வாங்குகிறோம். போயா தினத்தில் கடை பூட்டு. இருபத்தொரு வயது நிறைய வேண்டும்.

காரக் கறியோடு ஒத்துவருமா?

கட்டைச் சம்பலும் ரொட்டியும் சாப்பிட்ட வாயில் கபர்நே ஊற்றினால் இரண்டும் எரியும். மதுவும் துவர்ப்பும் மிளகாய்க்கு எண்ணெய் வார்க்கும். மிளகு தூக்கலான ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு ஷிராஸ் நன்றாக நிற்கும். கருவாடு வேண்டவே வேண்டாம். சிவப்பு வைனில் உள்ள இரும்பு மீன் வெடுக்கைக் கிளப்பிவிடும் என்று 2009இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். நாங்கள் அதை ஒரு சனிக்கிழமை ஆய்வுகூடம் இல்லாமலேயே கண்டுபிடித்தோம்.

தோட்டங்களில் எத்தனை குடும்பத்தைச் சாராயம் அழித்தது. நீங்கள் இப்படி எழுதலாமா?

கேட்க வேண்டிய கேள்வி. சம்பள நாளில் தவறணை வாசலில் காத்து நின்ற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் சித்தப்பா கசிப்பில் போனவர். வைன் என்றதும் அது கனவான்களின் சரக்கு, கெடுதல் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உள்ளே இருப்பது அதே மது, 12 முதல் 15 சதவீதம். எங்கள் வட்டத்தில் குடியை விட்ட ஒருவர் இருக்கிறார். அவர் முகர்ந்து மட்டும் புள்ளி போடுகிறார், மணத்துக்கான 6க்குள். மீண்டும் தொடங்கிவிடுவோம் என்ற பயம் உள்ள எவரையும் நாங்கள் அழைப்பதில்லை. கிளாஸை நீட்டி வற்புறுத்தியவர் ஒருவரை வர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறோம்.

இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

அந்தக் கதை 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்குப் பிறகு பரவியது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. மருந்தாகக் குடிக்க நினைப்பவர்கள் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

என் மனைவி முதல் வருடம் பேசவில்லை. இரண்டாவது வருடம் துப்பும் வாளியைக் கழுவமாட்டேன் என்றார்; நியாயம், நானே கழுவுகிறேன். 1979ஆம் ஆண்டு விதியின்படி பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது. 2018 ஜனவரியில் அன்றைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்க, சில நாட்களில் ஜனாதிபதி சிறிசேன அதைத் திருப்பிவிட்டார். 'எனக்கு விற்கவே கூடாத சாமானுக்கு நான் ஏன் அபிப்பிராயம் சொல்ல வேண்டும்' என்று மனைவி கேட்டார்.

ஆனால் கல்யாணத்துக்கு முன்னர் தொழிற்சாலையில் தேயிலை சலித்துப் பிரிக்கும் வேலையில் இருந்தவர் அவர். போன மாதம் நாங்கள் ஐவரும் ஒரு போத்தலைச் சுற்றி உட்கார்ந்து 'ஆழமானது', 'மண்வாசம்' என்று எழுதிக்கொண்டிருந்தோம். குசினியிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கி, 'ஈரச் சாக்கில் தேயிலை கட்டிவிட்டீர்களா?' என்றார். முகர்ந்து பார்த்தோம். தக்கைக் குற்றம். ஐந்து கொப்பிகளிலும் வெட்டி எழுதினோம்.